ஜீரோ பாத்துக்கோங்க!

“சார், ஜீரோ பாத்துக்கோங்க.”

மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று எந்த பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும், குழாயை டேங்க்குக்குள் விடும் முன் ஊழியர் சொல்வது இதைத்தான். முந்தைய ஆளின் கணக்கு எதுவும் பாக்கியில்லை, உங்கள் கணக்கு இந்த நொடியில் தொடங்குகிறது என்பதற்கு அது ஓர் உத்தரவாதம். என் அப்பா அந்த ஜீரோவைப் பார்ப்பதோடு விடமாட்டார். வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் தேதி, லிட்டர், மீட்டர் காட்டும் கிலோமீட்டர் மூன்றையும் எழுதி ஒரு கிளிப்பில் செருகிவைப்பார். 2009-ல் வாங்கிய ஸ்கூட்டருக்கு அன்றிலிருந்து தாள் இருக்கிறது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் முதல்முறையாக நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த மாதத் தாளில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் புது வண்டி பற்றிப் பேச்சு எடுத்தபோது அந்தத் தாள்களைத்தான் முதலில் பிரித்தேன். மனைவிக்கு சோழிங்கநல்லூரில் வேலை. மந்தைவெளியிலிருந்து போக வர தினம் 34 கிலோமீட்டர். அவர் ஓட்டுவதும் ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர். அதை மாற்ற வேண்டும், அப்பாவின் பழைய ஸ்கூட்டரையும் கொடுத்துவிட்டு மின்சார வண்டியாக எடுத்துவிடலாம், வீட்டுக்கு ஒரு காரும் வேண்டும் என்று யோசனைகள் வளர்ந்தன. காரை ஹைப்ரிடாக வாங்குவதா, எலெக்ட்ரிக்காக வாங்குவதா? ஷோரூமுக்குப் போனால் பச்சை நம்பர் பிளேட் வண்டிகளின் மேல் ‘ஜீரோ எமிஷன்’ என்று எழுதியிருக்கிறது. பங்க் ஊழியர் காட்டும் ஜீரோவை என் கண்ணால் பார்க்கிறேன். இந்த ஜீரோவை எங்கே போய்ப் பார்ப்பது?

அதற்காகச் சில வாரங்கள் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வசிக்கிற பல வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருப்பதால் கணக்கை முழுதாகவே எழுதுகிறேன்.

‘எவ்ளோ குடுக்குது?’

நம் ஊரில் புது வண்டியைப் பார்த்ததும் முதலில் விழும் கேள்வி இது. டிவிஎஸ் 50 காலத்திலிருந்து இந்தக் கேள்விதான் நம் தொழிற்சாலைகளை வழிநடத்தியிருக்கிறது. ஓசூரில் 1980-ல் பிறந்த அந்த மொபெட்டின் வாரிசான எக்ஸ்எல்லில் இன்றும் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குக் கீரைக்கட்டும் தேங்காய் மூட்டையும் வந்து இறங்குகின்றன. குறைந்த எண்ணெயில் அதிக வேலை என்பது இந்த நாட்டுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லை.

ஆனால் ஷோரூமில் சொல்லும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த எண். லஸ் கார்னரில் மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி, கச்சேரி சாலையில் பள்ளி விடும் நேரத்தில் எடுத்த எண் அல்ல. அப்பாவின் தாள்களின்படி எங்கள் ஸ்கூட்டர் கொடுத்தது லிட்டருக்குச் சராசரியாக 45 கிலோமீட்டர். அண்மைக் காலத்தில் அதுவும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வண்டிக்கு வயதாகிவிட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம், இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் சில சதவீதம் குறையத்தான் செய்யும். அந்த எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது. கரும்பு குடிக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதைக் காவிரிப் படுகைக்காரர்களிடம் கேட்டால் தெரியும். பயிரிலிருந்து வரும் எரிபொருள் என்பதால் மட்டும் அதைப் பசுமைக் கணக்கில் முழுதாக வரவு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, காசுக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 25 காசு ஆகிறது. மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில், சார்ஜரில் வீணாவது போக, 28 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்ளலாம். இங்கே பலர் தவறு செய்வது யூனிட் விலையில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும்போது முதல் நூறு யூனிட் இலவசம் என்பதை நினைத்து, வண்டிக்குப் போடும் மின்சாரமும் இலவசம் மாதிரியே பேசுகிறார்கள். ஏசி ஓடும் வீட்டில் வண்டியின் மின்சாரம் பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும். 500 யூனிட்டைத் தாண்டினால் மானியக் கணக்கே மாறிவிடும், மேலே போகப்போக யூனிட் விலை ஏறும். அதனால் ஒரு யூனிட் 9 ரூபாய் என்று கறாராகவே வைத்தேன். அப்படி வைத்தும் மின்சார ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 32 காசுதான் வருகிறது.

காருக்கும் போட்டுப் பார்த்தேன். நம் சிக்னல்களில் ஒரு சாதாரண பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு. முழு ஹைப்ரிட் 22 கொடுத்தால் 4 ரூபாய் 60 காசு. மின்சார கார் வீட்டில் சார்ஜ் போட்டால் 1 ரூபாய் 35 காசு. வெளியே வேக சார்ஜரில் போட்டால் இது இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

எண்களை வரிசையாகப் பார்த்ததும் மின்சாரமே ஜெயித்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போதுதான் தாள்களில் இருந்த மூன்றாவது எண்ணைப் பார்த்தேன்.

ஓட்டம்

ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் விசாரிப்பது மைலேஜை அல்ல. “இன்னிக்கு எவ்ளோ ஓட்டம்?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். இத்தனை வாரம் கணக்குப் போட்டு நான் வந்து சேர்ந்த இடமும் அதுதான். சிக்கன வண்டி காசையும் மிச்சப்படுத்தும், காற்றையும் மிச்சப்படுத்தும், ஓடினால் மட்டும். நின்றுகொண்டிருக்கும் வண்டி எதையும் மிச்சப்படுத்துவதில்லை. வாங்கும்போது கொடுக்கும் கூடுதல் விலையும், அதைச் செய்யும்போது தொழிற்சாலையில் வந்த புகையும் முதல் நாளே முழுதாக நம் பேரில் எழுதப்பட்டுவிடுகின்றன. கழிப்பது ஓட்டத்தில்தான்.

மனைவியின் ஓட்டம் வருடத்துக்கு 8,500 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி என்றால் 19,100 ரூபாய், மின்சார வண்டி என்றால் 2,700. வருடத்துக்கு 16,400 ரூபாய் மிச்சம். ஆன்ரோடு விலையில் 40,000 ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் இரண்டரை வருடத்தில் அது கழிந்துவிடும்.

அப்பாவின் ஓட்டம் வேறு. காலையில் கபாலி கோயில், தெற்கு மாட வீதியில் காய்கறி, அவ்வப்போது பேங்க். தினம் 4 கிலோமீட்டர், வருடத்துக்கு 1,200. பெட்ரோலுக்கு ஆகும் 2,700 ரூபாய் மின்சாரத்தில் 385 ஆகும். மிச்சம் 2,300 ரூபாய். அதே 40,000-ஐ இந்த வேகத்தில் கழிக்க 17 வருடம் வேண்டும். அப்பாவுக்கு இப்போது 76 வயது.

கார் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. ஒரே அளவுள்ள பெட்ரோல் காருக்கும் மின்சார காருக்கும் நான்கு லட்ச ரூபாய் வித்தியாசம் என்று கொண்டால், அதைக் கழிக்க 68,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பீச், மாதம் ஒரு கல்யாணம், வருடம் ஒருமுறை கும்பகோணம் என்று 7,000 கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பத்து வருடம் ஆகும். பல கம்பெனிகள் பேட்டரிக்குத் தரும் வாரண்டியே 8 வருடம்தான். தினமும் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்வந்து வருடம் 20,000 ஓட்டுபவருக்கு மூன்றரை வருடத்தில் முடிந்துவிடும். வண்டி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஒருவருக்குப் புத்திசாலித்தனமாக இருப்பது இன்னொருவருக்கு வெறும் ஆசையாக நிற்கிறது.

ஆட்டோவைப் பாருங்கள். நாளைக்கு 100 கிலோமீட்டர் சாதாரணம். பெட்ரோலில் லிட்டருக்கு 25 கிடைத்தால் தினம் 400 ரூபாய் பங்க்குக்குப் போகிறது. மின்சார ஆட்டோவுக்கு வீட்டுக் கட்டணத்தின் உச்ச விலையில் சார்ஜ் போட்டாலும் 80 ரூபாயைத் தாண்டாது. மாதம் 25 நாள் ஓட்டினால் வருடத்துக்கு 96,000 ரூபாய் மிஞ்சும். எல்பிஜி ஆட்டோக்காரருக்கு இந்த மிச்சம் குறையும், ஆனாலும் அது ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் காணும். 2013-ல் அரசு நிர்ணயித்த 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்ற கட்டணத்தை வைத்து அவர்களோடு தெருவில் பேரம் பேசிப் பல வருடம் ஓட்டிவிட்டோம். அவர்கள் வருமானத்தைப் பங்க்குக்குக் கொண்டுபோகும் அந்தத் தினசரி 400 ரூபாயைப் பற்றி யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

புகை எங்கே போகிறது?

இப்போது ஷோரூமின் அந்த ஜீரோவுக்கு வருகிறேன்.

மின்சார வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை. தென்மாட வீதியில் கைக்குழந்தையோடு நடந்துபோகும் தாய்க்கு அது மிகப் பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிகள் வந்த பிறகு புது பெட்ரோல் வண்டிகளின் புகை முன்னைவிட எவ்வளவோ சுத்தமாகிவிட்டது உண்மைதான். இருந்தாலும் தெருவில் புகையே அறவே இல்லாமல் இருப்பது என்பது வேறு.

ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? மயிலாப்பூரிலிருந்து வடக்கே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் எண்ணூர். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அதன் பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையம். நிலக்கரி எரிந்த சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டுக் குழாய்வழி போய்ச் சாம்பல் குளத்தில் சேர வேண்டும். குழாய் உடைந்து அந்தச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் போய்ப் படிந்ததை எண்ணூர் மீனவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். ஆழம் தூர்ந்த ஆற்றில் இறாலும் மீனும் குறைந்துபோயின. 2017 தொடக்கத்தில் பாடகர் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துக்கே போய் நின்று ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடினார். பாடலை எழுதியவர் கபேர் வாசுகி. நம் சபாக்களில் கேட்டுப் பழகிய குரல், நம் ஃபேனும் ஏசியும் சுற்றுவதற்கு விலை கொடுக்கும் மண்ணிலிருந்து வந்தபோது மயிலாப்பூரில் பலருக்கு அது சங்கடமாக இருந்தது. சங்கடப்பட வேண்டிய விஷயம்தான்.

இதைச் சொன்னதும், அப்படியானால் பெட்ரோலே மேல் என்று சிலர் கிளம்புவார்கள். அந்தப் பெட்ரோலும் வடசென்னையிலிருந்துதான் வருகிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணூருக்குப் பக்கத்து வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலைகளும் படகுகளும் பிசுக்குப் பிடித்தன, கூழைக்கடாக்களின் இறக்கை கறுத்தது. மீனவர்கள் வாளியையும் மக்கையும் வைத்து எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே ஓடுகிறதே, அதுவும் அதே பக்கிங்காம் கால்வாய்தான்.

ஆக, நாம் எந்த வண்டியில் ஏறினாலும் அதன் புகையில் ஒரு பங்கு எண்ணூருக்கும் மணலிக்கும் போகிறது. பெட்ரோல் வண்டி கூடுதலாக நம் தெருவிலும் கொஞ்சம் விட்டுவைக்கிறது. அப்படியிருக்க, எந்த வண்டி குறைவாக அனுப்புகிறது என்பதுதான் நேர்மையான கேள்வி.

அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து, லாரியில் பங்க்குக்குக் கொண்டு சேர்ப்பதையும் சேர்த்து 2.8 கிலோ என்று வைத்தேன். மின்சாரத்துக்கு, மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. கம்பியில் வீணாவதையும் சேர்த்து 0.8. இதன்படி பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 62 கிராம், மின்சார ஸ்கூட்டர் 29 கிராம். பாதிக்கும் கீழே. கார்களில் பெட்ரோல் 200 கிராம், ஹைப்ரிட் 127, மின்சாரம் 120. கடைசி இரண்டையும் இன்னொரு முறை பாருங்கள். இன்றைய நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் காரும் நல்ல ஹைப்ரிடும் தோளோடு தோள் நிற்கின்றன.

வித்தியாசம் வருங்காலத்தில் இருக்கிறது. இன்று வாங்கும் ஹைப்ரிட் பத்து வருடம் கழித்தும் அதே 127 கிராமைத்தான் விடும். மின்சார காரின் எண், கார் அப்படியே இருக்க, இறங்கிக்கொண்டே வரும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறனும் சூரிய மின் திறனும் தனித்தனியே பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியாயிற்று. முப்பந்தலில் ஆனி, ஆடிக் காற்று அடிக்கும்போதும், பகலில் வெயில் கொளுத்தும்போதும் சார்ஜ் ஏறினால் புகை குறைவு. அலுவலகத்தில் பகலில் சார்ஜ் போடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள் என்று மனைவியின் அலுவலக நண்பர்களுக்கு நான் சொல்வது இதனால்தான். இரவு எல்லோரும் ஒன்றாக ப்ளக்கைச் செருகினால் நிலக்கரிதான் எரிய வேண்டும்.

பேட்டரியின் கடன் ஒன்று பாக்கியிருக்கிறது. லித்தியம் பேட்டரி செய்வதற்கு ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியேறும் என்பார்கள். 75 என்று வைத்தால், 3 யூனிட் ஸ்கூட்டர் பேட்டரிக்கு 225 கிலோ. மனைவியின் ஓட்டத்தில் இந்தக் கடன் பத்து மாதத்துக்குள் தீர்ந்துவிடும். அப்பாவின் ஓட்டத்தில் ஐந்தரை வருடம் ஆகும், அதுவும் பேட்டரிக்கு மட்டும். வண்டியின் இரும்பும் பிளாஸ்டிக்கும் கணக்கில் இன்னும் சேரவில்லை. 40 யூனிட் கார் பேட்டரிக்கு 3 டன். வருடம் 7,000 ஓடும் காருக்கு ஐந்து வருடத்துக்கு மேல், 20,000 ஓடும் காருக்கு இரண்டு வருடத்துக்குள். ஆட்டோவுக்கோ ஏழே மாதம். காசுக் கணக்கு எந்த வரிசையில் நின்றதோ, புகைக் கணக்கும் அதே வரிசையில் நிற்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் போட்ட எனக்கே அது வியப்பாக இருந்தது.

பனகல் பார்க் சிக்னலில்

ஹைப்ரிடைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் அருமை நெரிசலில்தான் தெரியும். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை பனகல் பார்க்கிலிருந்து உஸ்மான் ரோடுக்குள் நுழையும் பெட்ரோல் காரை நினைத்துப் பாருங்கள். நிற்கிறது, நகர்கிறது, நிற்கிறது. ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் அப்படி நின்றால் ஒரு அடிகூட நகராமல் அரை லிட்டருக்கு மேல் ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறை பிரேக் அடிக்கும்போதும், பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகம் சூடாகி வீணாகிறது. முழு ஹைப்ரிட் அந்த வேகத்தை மின்சாரமாகத் திருப்பிப் பேட்டரியில் போட்டுக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஊர்ந்து போகும். மின்சார காரும் அப்படியே.

ஒரு எச்சரிக்கை. ‘ஹைப்ரிட்’ என்று ஒட்டியிருப்பதெல்லாம் முழு ஹைப்ரிட் அல்ல. மைல்டு ஹைப்ரிடில் சின்ன பேட்டரி இன்ஜினுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். வண்டி மோட்டாரில் மட்டும் நகருமா என்று ஷோரூமில் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அதே உஸ்மான் ரோடு நெரிசலுக்கு 2023 மே மாதம் வேறொரு பதில் வந்தது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைமேடை. ரங்கநாதன் தெரு கூட்டத்துக்கு மேலாக, புடவைக் கட்டைப்பையோடு நடந்து ரயில் ஏறிவிடலாம். என் கணக்கில் தி.நகர் ஷாப்பிங்குக்கு அதைவிடச் சிக்கனமான வாகனம் இல்லை.

டிராம் ஓடிய ஊர்

மின்சார வண்டியைப் புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது இந்த ஊரில், 1895 மே மாதம். 1953 ஏப்ரல் வரை ஓடியது. 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின. ‘கரி பஸ்’ஸைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எரிபொருளை மாற்றிக்கொள்வது இந்த நகரத்துக்குப் பழக்கமான வேலை. நம் காலத்துக்கு வந்தால், ஏத்தர் மின்சார ஸ்கூட்டரின் விதை அடையாறுக்குப் பக்கத்தில் ஐஐடி வளாகத்தில்தான் 2013-ல் விழுந்தது. அங்கே படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய கம்பெனி அது. இப்போது ஓசூரில் தொழிற்சாலை, டிவிஎஸ் ஐக்யூப் வரும் அதே ஊர்.

டிராம், ரயில், கரி பஸ் எல்லாமே பலர் சேர்ந்து போன வண்டிகள். அதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் பழைய டீசல் பஸ்ஸில் 50 பேர் போனால், ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 16 கிராம். ஒருவர் மட்டும் போகும் மின்சார ஸ்கூட்டருக்கு 29 என்று பார்த்தோம். அதாவது புகை கக்குகிறது என்று நாம் முகம் சுளிக்கும் அந்த மாநகரப் பேருந்து, கூட்டமாக இருக்கும்வரை, பச்சை நம்பர் பிளேட் ஸ்கூட்டரை வென்றுவிடுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின, பிறகு பெரும்பாக்கத்திலிருந்தும் வந்தன. நாள் முழுக்க ஓடும் வண்டி, நூற்றுக்கணக்கானவர் ஏறி இறங்கும் வண்டி. பேட்டரிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. முழங்கால் வலியோடு அப்பா அந்தப் பேருந்தில் படி ஏறாமல் நேராக உள்ளே நுழைந்ததைப் பார்த்தபோது, மைலேஜ் கணக்கில் சேராத ஒரு மிச்சமும் இருக்கிறது என்று தெரிந்தது.

ப்ளக் பாயின்ட் யாருக்கு?

எங்கள் வீட்டில் முடிவு இப்படி ஆயிற்று. மனைவிக்கு மின்சார ஸ்கூட்டர். அப்பாவின் 2009 ஸ்கூட்டர் அப்படியே இருக்கட்டும், கார்பரேட்டரைச் சுத்தம் செய்து டயர் மாற்றியாயிற்று. கார் வாங்கவில்லை. கும்பகோணத்துக்கு ரயில் இருக்கிறது, கல்யாணத்துக்கு டாக்ஸி இருக்கிறது. மாதவரம் – சிப்காட் மெட்ரோ வழித்தடம் எங்கள் மந்தைவெளி வழியாகத்தான் போகிறது. அது ஓடத் தொடங்கினால் மனைவியின் ஸ்கூட்டர்கூட ஓய்வெடுக்கலாம்.

முடிவெடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது சார்ஜ் போட ஓர் இடம் பிடித்தது. எங்கள் அடுக்குமாடி எண்பதுகளில் கட்டியது. கீழே பார்க்கிங்கில் இருப்பது பொது மீட்டர். அசோசியேஷன் கூட்டத்தில், 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்ததை ஒருவர் நினைவூட்டினார். நியாயமான பயம். அந்தச் சம்பவங்களுக்குப் பிறகு பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டதையும், மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிடுவதுதான் உண்மையான ஆபத்து என்பதையும் எடுத்துச் சொல்ல மூன்று கூட்டம் ஆனது. வெள்ளத்துக்குப் பயந்து தரையிலிருந்து நான்கடி உயரத்தில், எங்கள் மீட்டரிலிருந்தே தனி ஒயர் இழுத்து, எர்த் போட்டு, டிரிப்பரோடு ஒரு ப்ளக் பாயின்ட் வைத்தோம்.

அதை வைத்த அன்று மாலை பட்டினப்பாக்கம் பக்கம் போயிருந்தேன். கடற்கரையோரக் குடியிருப்புகளின் வாசலில் வரிசையாக ஆட்டோக்கள், முதுகில் பெட்டி மாட்டிய டெலிவரி பையன்களின் ஸ்கூட்டர்கள். இந்தத் தென்சென்னையில் மிக அதிகமாக ஓடும் வண்டிகள் அவை. தினம் நூறு கிலோமீட்டர், நூற்றிருபது கிலோமீட்டர். அந்த வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினால் வருடத்துக்கு ஆட்டோ ஒன்றுக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு குறையும், குடும்பத்துக்கு 96,000 ரூபாய் வரை மிஞ்சும். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் தெருவில் நிற்கும் ஆட்டோவுக்கு எங்கிருந்து ஒயர் இழுப்பார்? நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டிகளுக்குக் கூரையோடு பார்க்கிங்கும் தனி மீட்டரும் இருக்கின்றன. நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி தெருவில் நிற்கிறது.

அவர்களுக்கான இடம் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, இந்திரா நகர், திருவான்மியூர் என்று பறக்கும் ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றின் வயிற்றிலும் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்று உள்ளே போனவர்களுக்குத் தெரியும். கட்டியபோது கடைகள் வரும் என்று விட்ட தளங்கள். மேலே கூரை இருக்கிறது, பக்கத்திலேயே உயரழுத்த மின்சாரம் இருக்கிறது, வெளியே வாசலில் ஆட்டோ ஸ்டாண்டும் இருக்கிறது. மதியம் சவாரி மந்தமாகும் நேரத்தில், சூரிய மின்சாரம் மிகுதியாக வரும் அதே நேரத்தில், இருபது ஆட்டோக்கள் உள்ளே நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு, டிரைவர்கள் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து நாலு மணி பள்ளிக்கூடச் சவாரிக்குக் கிளம்பலாம். நேற்றும் திருமயிலை நிலையத்தில் போய்ப் பார்த்தேன். அந்தத் தளத்தில் புறாக்கள் மட்டும்தான் இருந்தன.